தானே பூட்டிக்கொண்ட வண்டிகள்

கார் எலக்ட்ரீசியன் தொழிலில், வண்டி ஓடினால் டிரைவர் கெட்டிக்காரர், நின்றால் நான் திருடன். ராமநாதபுரத்தில் முப்பது வருடமாக இந்தத் திருட்டைச் செய்து வருகிறேன். அதற்கு முன் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் வயரிங் வேலை. வேலைநிறுத்தத்தில் வாசலில் நின்று கத்தியவர்களில் என் குரல்தான் பெரியது என்று முதலாளி கண்டுபிடித்ததால் சொந்தக் கடை போட நேர்ந்தது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பைச் சங்கத்துத் துண்டுப் பிரசுரங்கள் தந்தன. பிறகு சங்கம் வளர்ந்து, கட்டடம் கட்டி, திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட மறந்துபோனது. அதை எழுத ஆரம்பித்தால் உங்களுக்கு வேலை கெடும்.

நான் சொல்லப்போவது, இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ஓட வந்த ஒரு புது வண்டியைப் பற்றி. ஜீப்பின் உயரம், காரின் சொகுசு, ஏழு பேர் உட்காரலாம். கம்பெனியின் பெயரை எழுதி அவர்கள் வக்கீலுக்கு வேலை கொடுக்க விருப்பமில்லை. ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: அது நல்ல வண்டி. பாம்பன் பாலத்துக் காற்றில் ஆடாது. மணலில் இறங்கினால் தானே ஏறி வரும். அதன் வயரிங்கை முதன்முதலில் பிரித்துப் பார்த்தபோது, அத்தனை வயரையும் ஜடை பின்னியதுபோல் அவ்வளவு ஒழுங்காக இழுத்துக் கட்டியிருந்தார்கள். செய்த தொழிலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. ஒரே ஒரு இடத்தில்தான் யாரோ தூங்கிவிட்டார்கள். புது வண்டி வாங்கி, ஓட்டியதைவிட அதிகமாகத் தள்ளிய என் உறவினர்களே, அந்த ஒரு இடத்தின் கதை இது.

வெயிலில் ஓடிய வைப்பர்

தங்கச்சிமடம் அந்தோணி, விசைப்படகை விற்றுவிட்டு அந்த வண்டியை வாங்கியவர். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. ஒரு மத்தியானம் கடைக்கு நடந்து வந்தார். வண்டி எங்கே என்றேன். அடுத்த தெருவில், வேப்பமரத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நிறுத்தியிருந்தார். போய்ப் பார்த்தால் சுள்ளென்று அடிக்கிற வெயிலில் வைப்பர் கறக் கறக்கென்று காய்ந்த கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே கதவுப் பூட்டுகள் நாலும் தாமாகவே டக்கென்று விழுகின்றன. யாரும் எதையும் தொடவில்லை.

ஆறு மாதமாக இப்படித்தானாம். ஒருவரிடமும் சொல்லவில்லை. சீக்கு வண்டி என்று பெயர் வந்துவிட்டால் எவன் ஏறுவான்? அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் வைத்திருந்தார். வண்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்காமல் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்தது தன் தப்பு என்று முடிவு கட்டியிருந்தார். பிறகு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்திருக்கிறார். வைப்பர் அதையும் துடைத்துவிட்டது.

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டேன். வயர்க்கட்டு ஒரு இரும்புப் பட்டையின் விளிம்பில் உரசி, மேல்தோல் தேய்ந்து, செம்பு பளபளத்தது. தகட்டில் படும்போதெல்லாம் பேய் பிடிக்கிறது. தேய்ந்ததை வெட்டி ஒட்டுப்போட்டு, ரப்பர் குழாய் மாட்டி, டேப் சுற்றினேன். எல்லாம் அடங்கியது. அந்தோணி சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுண்டிப்போனது. "ஃபாதர் தெளிச்சு நிக்காதது ஒங்க கறுப்பு டேப்புக்கு நின்னுருச்சு. வெளிய சொல்லிராதீக தோழரே, எனக்கும் கெட்ட பேரு, ஃபாதருக்கும் கெட்ட பேரு." சொல்ல மாட்டேன் என்றேன்.

உள்ளே நாலு பேர்

ஏர்வாடி ஜமீலாவின் கணவர் சவூதியில் இருக்கிறார். வண்டி ஜமீலா பெயரில். டிரைவர் வைத்து, தர்காவுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிக் குடும்பத்தை அந்த அம்மாள்தான் நடத்தினார். ஒரு நாள் காலை மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் வந்தார். ஊர் திரும்புகிற யாத்ரீகர்கள் இரண்டு பேரும் உடன் இருந்தார்கள். என் கடைக்கு எதிரே டிரைவர் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். ஏசி ஓடட்டும் என்று சாவியை உள்ளேயே விட்டிருந்தார். அவர் கதவைச் சாத்தியதும் நாலு பூட்டும் விழுந்தன. கண்ணாடி இறங்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை.

உள்ளே ஜமீலா பூட்டுக் குமிழை மேலே இழுக்கிறார், அது மறுபடி விழுகிறது. வெளியே கூட்டம். "கல்லை எடுங்கலே, கண்ணாடிய ஒடைங்க!" என்கிறான் ஒருவன். "புதுக் கண்ணாடிண்ணே, புதுக் கண்ணாடி!" என்று டிரைவர் அழுகிறார். நான் ஓடிப்போய் முன்பக்கம் தட்டி, பானெட்டைத் திறக்கும் நெம்புகோலைக் கையால் சைகை காட்டினேன். அது புகை வருகிற இடத்துக்குள்தான் இருக்கிறது. ஜமீலா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, முன் சீட்டுக்குத் தாவி, குனிந்து, அந்தப் புகைக்குள் கையை விட்டுத் தேடி இழுத்தார். பானெட் திறந்தது. பேட்டரி முனையைக் கழற்றினேன். அதன் பிறகு குமிழ் மேலே நின்றது.

மாமியாரை இறக்கினார். யாத்ரீகர்களை இறக்கினார். கடைசியாகத் தான் இறங்கினார். எத்தனையோ மறியல்களில் வாட்டசாட்டமான ஆண்பிள்ளைகள் செருப்பை விட்டுவிட்டு ஓடியதைப் பார்த்தவன் நான். பயந்துவிட்டீர்களா தங்கச்சி என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விறகு அடுப்புல வளந்த கண்ணுண்ணே இது, ஒண்ணும் ஆகாது. இந்த வண்டியப் பெத்தவனுகளத்தான் அடுப்படியில கொஞ்ச நாளு ஒக்கார வைக்கணும்."

கை வைத்த பாவம்

அதே இடம், அதே பட்டை, அதே தேய்மானம். அதே ஒட்டும் குழாயும் டேப்பும் போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். வண்டிக்கு வாரண்டி இருந்தது. ஜமீலா மதுரைக்குக் கொண்டுபோனபோது சர்வீஸ் இன்ஜினியர் டேப்பைப் பார்த்தார், பைலை மூடினார். வெளி ஆள் கை வைத்த வண்டிக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். தேய்மானத்துக்குக் காரணம் கேட்டதற்கு, கடற்கரை உப்புக்காற்று என்று எழுதிக் கொடுத்தார். உயிரைக் காப்பாற்றப் போட்ட டேப் வழக்கைக் கொன்றுவிட்டது.

என் டேப் எத்தனை நாள் தாங்கும் என்று ஜமீலா கேட்டார். எனக்குப் பொய் வரும், ஆனால் அன்று வரவில்லை. அந்தப் பட்டையை மாற்றி, வயரிங் முழுவதையும் புதிதாகப் போடாமல் உத்தரவாதம் இல்லை என்றேன். அன்றோடு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். வாடகைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். டிரைவர் வேறு வண்டிக்குப் போனார். சவூதியிலிருந்து கணவர், விற்றுத் தொலை என்று போன் செய்தார். நான் பக்கத்தில் இருக்கும்போதே பதில் சொன்னார்: "தெரிஞ்சுக்கிட்டே அடுத்த வீட்டுப் புள்ளைய உள்ள வச்சுப் பூட்டச் சொல்றீகளா மச்சான்? அல்லாவுக்கு நீங்க பதில் சொல்வீகன்னா விக்கிறேன்."

சீட்டு உறை

அதற்கு மேல் அந்தோணிக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. வருகிற டிரைவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஒவ்வொருவனும் முதலில் இல்லை என்றான், பிறகு குரலைத் தாழ்த்தி ஆமாம் என்றான். ஒருவன் நேரம் சரியில்லாமல் டெலிவரி எடுத்தவன், இன்னொருவன் நேர்த்திக்கடன் பாக்கி வைத்தவன். வண்டிக்கு ஒரே வியாதி, ஆளுக்கொரு பாவம். மறைத்து மறைத்து வைத்ததில் கம்பெனிக்குப் பெரிய லாபம். எல்லோர் வண்டியிலும் ஏதோ ஒரு மெக்கானிக் கை வைத்திருந்தான். சாட்சிக்கு ஆகாது.

அப்போதுதான் முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து கருப்பையா வந்தார். மிளகாய் விவசாயி. வண்டி வாங்கி ஒரு வருடம் ஆகியும் சீட்டில் கம்பெனி பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் முறுக்குக் கடிக்கிற சத்தம். உறையைக் கிழித்தால் வண்டி பழசாகிவிடும் என்பது அவர் கட்சி. மேலே மிளகாய்த் தூசி அப்பிக் கிடந்தாலும் உள்ளே ஒரு ஸ்குரூவைக்கூட எவனும் திருப்பவிடவில்லை. அவர் வண்டியிலும் பூட்டு தானாக விழுகிறது. குலசாமிக்குக் கிடா வெட்டியும் பார்த்துவிட்டார். என்னையும் தொட விடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்து, பார்க்க மட்டும் அனுமதி. அதே பட்டை. அதே செம்பு.

தோள் மேல் கை போட்டு, "கருப்பையா, உங்கள் கஞ்சத்தனம் ஒரு ஜில்லாவைக் காப்பாற்றப்போகிறது" என்றேன். கையை எடுத்துவிட்டார். "கஞ்சன்னு சொல்லாதிய. மதுரைக்கு வாரேன், ஆனா எவனும் செருப்போட ஏறக்கூடாது."

மதுரையில் உப்புக்காற்று

மூன்று வண்டிகள் போயின. ஜமீலாவின் வண்டியை நான் ஓட்டினேன், பூட்டுகளின் பியூஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. ஜமீலா கருப்பையா வண்டியில், செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். அந்தோணி தன் வண்டியில், வழி முழுதும் என்னைப் போனில் திட்டிக்கொண்டே வந்தார். பழக்கதோஷத்தில் நான் இரவோடு இரவாக ஒரு நோட்டீஸ் எழுதியிருந்தேன். "உழைக்கும் மக்களே" என்று ஆரம்பிக்கும். ஜமீலா அதைப் படித்துப் பார்த்து, அழகாக இருக்கிறது, பையிலேயே இருக்கட்டும் என்றார்.

சர்வீஸ் இன்ஜினியர், கருப்பையாவின் வண்டியை நாங்கள் எல்லோரும் பார்க்க தன் கையாலேயே பிரித்தார். தேய்ந்த வயரைப் பார்த்ததும் பட்டையின் விளிம்பை விரலால் தடவினார். படித்த பிள்ளை, அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பின்னால் மேனேஜர் நிற்கிறார். பழையபடி கடற்கரை வண்டி, உப்புக்காற்று என்று இன்ஜினியர் ஆரம்பித்தார். கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே தம்பி, எங்க ஊருக்கு மழையே வழி தெரியாம நிக்கிது. கடலு எங்கிட்டு வந்துச்சு?"

நாலு எலுமிச்சம்பழம்

மேனேஜர் எங்களைக் குளுகுளு அறையில் உட்கார வைத்தார். காபி வந்தது. மூன்று வண்டிக்கும் புது வயரிங் போட்டுத் தருகிறோம், இனி இதை வெளியில் பேசமாட்டோம் என்று ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார். முப்பது வருடத்தில் எத்தனை தலைவர்கள் இப்படிக் காபி குடித்துவிட்டு வெளியே வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தோணி பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அடுத்த நாள் சவாரி இருந்தது. ஜமீலா கேட்டார்: "மத்த வண்டிக?" மற்றவை அவரவர் வந்து கேட்டால் பார்க்கலாம் என்றார் மேனேஜர். கேட்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அதே வண்டி ஒன்றை ஒரு குடும்பம் டெலிவரி எடுத்துக்கொண்டிருந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குழந்தைகள் பின் சீட்டில் ஏறிவிட்டார்கள். ஜமீலா எழுந்து வெளியே போனார். நல்ல நேரத்தில், நல்ல காரியத்தில், முன்பின் தெரியாத வீட்டுக்காரர்களிடம் போய் அபசகுனமாக ஒன்றைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது வந்திருக்காது. அந்த வீட்டு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைகள எறக்கிருங்க அக்கா. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. நான் உள்ள மாட்டிக்கிட்டு வந்தவ" என்றார்.

அந்த அம்மாள் ஜமீலாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் குழந்தைகளை இறக்கினார். குனிந்து, ஒவ்வொரு சக்கரமாகப் போய் நாலு பழத்தையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஷோரூமில் மற்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மேனேஜர் ஓடி வந்தார். அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை: "வச்ச பழத்த எடுக்கக்கூடாதும்பாக. எடுத்துட்டேன். எல்லா வண்டியயும் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, நானே வந்து திருப்பி வைக்கிறேன்."

இலவச முகாம்

அடுத்த மாதம் ராமநாதபுரத்தில் கம்பெனியே பந்தல் போட்டது. வாடிக்கையாளர்களுக்கு இலவசப் பரிசோதனை முகாம் என்று பேனர். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் ஜில்லாவில் விற்ற வண்டிகளுக்கெல்லாம் கடிதம் போயிருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "ஒங்களுக்குமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தோணியும் கருப்பையாவும் தங்கள் பாவங்களை ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜமீலாவின் வண்டிக்குப் புது வயரிங் மாட்டி முடித்ததும், அவர் மாமியாரை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். பூட்டு விழவில்லை. கிழவி கண்ணாடியை இறக்கி, ஏற்றி, இறக்கி, போகலாமா என்று கேட்டார்.

புது வயர்க்கட்டில் நான் டேப் சுற்றிய அதே இடத்தில் கம்பெனியே ஒரு ரப்பர் குழாய் போட்டிருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்தபோது சர்வீஸ் இன்ஜினியர் அருகில் வந்து, மேனேஜர் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க வேலையப் போட்டோ எடுத்து நான்தான் சார் கம்பெனி ஹெட் ஆபீசுக்கு அனுப்பிச்சேன். பேரு மட்டும் போட முடியல."

என் வாழ்நாளில் முழுசாக ஜெயித்த போராட்டம் இது ஒன்றுதான், அதிலும் ஒரு கோஷம்கூடப் போட எனக்கு இடம் கிடைக்கவில்லை.