பிளாஸ்திரி அக்கா வேவு பார்க்கப் போன கதை

கடலோரமாக நடந்தே திருத்தலத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊருக்குள் நொண்டிக்கொண்டுதான் நுழைவார்கள். அவர்களை வாசலிலேயே உட்கார வைத்து, உப்பு கலந்த வெந்நீரில் காலை ஊற வைத்து, கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டு, நாலு திட்டும் திட்டிப் படுக்க இடம் கொடுப்பாள் பிளாஸ்திரி அக்கா. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். நடையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை என்பதுபோல் பேசுவாள். ஆனால் அவள் கால் கடைத்தெருவைத் தாண்டியதில்லை.

தங்கைக்கும் இதே தொழில்தான். ஊருக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரியும். கடற்கரை வழியில் அக்கா விடுதி, வயல் வழியில் தங்கை விடுதி. பிரிகிற இடத்துக் கம்பத்தில் ஓர் அம்புப் பலகை. ஆணி தளர்ந்துபோனதால் காலையில் அது கடலைக் காட்டும், மதியத்துக்குள் வயலைக் காட்டும். யார் வேலை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அப்பாவின் இரண்டு வீடுகளையும் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து அக்காளுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்ல வீடு மற்றவளுக்குப் போய்விட்டது என்று இருவருக்குமே குறை.

ஒருநாள் தலத்திலிருந்து திரும்பி வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் அக்காவிடம் காலை நீட்டிக்கொண்டே சொன்னார்: "போகும்போது வயல் பக்கம் தங்கினேன்மா. அடடா, தலையணை என்ன மெத்துனு இருக்கு! கட்டுப் போட்டா வலியே தெரியல."

அக்கா கட்டை ஒரு சுற்று கூடுதலாகவே இறுக்கினாள். வாத்தியார் அலறினார்.

மறுநாள் காலையில் கணவரின் மழைக்கோட்டைப் போட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ மறந்து விட்டுப்போன ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டாள். கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். எஞ்சினிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

"எங்க கிளம்பிட்ட?"

"கும்பிட."

"யாரை?"

அக்கா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

நேர்வழியில் போனால் சந்தேகம் வருமென்று மணல்மேடு, உப்பளம், வரப்பு என்று சுற்றி நடந்தாள். செருப்புக்குள் மணல் புகுந்தது. வரப்பில் ஒரு நாய் துரத்தியது. தங்கை வாசலை அடையும்போது நொண்டுவதுபோல் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று தங்கை வெந்நீர்த் தொட்டியை வைத்தாள். கால் தண்ணீரில் இறங்கியதும் வந்திருப்பது யாரென்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த நசுங்கிய கட்டைவிரலில் சின்ன வயதில் கல்லைப் போட்டவளே அவள்தான். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"நல்லவேளை, கடற்கரை விடுதிக்குப் போகாம இங்க வந்தீங்க. அங்க இருக்கிறவ எங்க அக்காதான். கட்டுப் போடுறேன்னு காலையே முறிச்சுடுவா. குறட்டை விட்டாள்னா அலை பின்னாடி ஓடிடும்."

அக்கா பல்லைக் கடித்தாள்.

"சின்ன வயசுலயே திருடி. என் சிவப்பு ரிப்பனை எடுத்து வச்சுக்கிட்டு, இல்லவே இல்லைன்னு சாதிச்சா."

"அது என் ரிப்பன்டி!" என்று அக்கா எழுந்த வேகத்தில் தொப்பி தொட்டிக்குள் விழுந்தது.

தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உக்காருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு பேசுனியா?"

"நீ வாயை மூடிக்கிட்டுக் கேக்குற நேரம் வேற எப்ப கிடைக்கும்?"

அக்காவுக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தாள், முடியவில்லை. அன்றிரவு அங்கேயே படுத்தாள். தலையணை மெத்தென்றுதான் இருந்தது. அதை மட்டும் அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

விடிந்ததும் தங்கை சீண்டினாள். "இவ்வளவு தூரம் நடந்துட்ட. மிச்சத்தையும் நடந்துதான் பாரேன்."

"நீ வர்றியா? மூச்சு வாங்குமே உனக்கு."

"யாருக்கு? எனக்கா?"

வெயில் ஏறுவதற்குள் இருவரும் பாதையில் இருந்தார்கள். மற்ற யாத்ரிகர்கள் முன்னாலும் பின்னாலும் இடம் விட்டே நடந்தார்கள். எதிரே வந்த ஒருவர் மெக்கானிக்கிடம் தகவல் சொன்னார்: "உங்க வீட்டம்மா பாலத்துக்கிட்ட யாரோ ஒரு அம்மாவோட சண்டை போட்டுக்கிட்டே போறாங்க."

"அந்தம்மா மூக்கு எப்படி?"

"உங்க வீட்டம்மா மூக்கேதான்."

மெக்கானிக் நிம்மதியாக எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனார்.

தலத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணை மூடினார்கள். தங்கை வேண்டி முடித்துவிட்டாளா என்று பார்க்க அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். தங்கையும் ஒரு கண்ணால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் முதலில் கண்ணைத் திறந்தது என்பதுதான் ஊர் திரும்பும் வழியெல்லாம் சண்டை.