மோட்டார் தின்ற இரண்டு போர்டுகள்

என் மனைவியின் தம்பிக்கும் எனக்கும் ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இவன் ஏன் இப்படிக் கரித்துக் கொட்டுகிறான் என்று யாரும் கேட்க வேண்டாம்.

நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் இல்லை, சரியான உம்மணாமூஞ்சி. மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் கடை ஒன்றில் பதினைந்து வருடம் இருந்தான். அதை மூடியதும் என் மனைவி மூக்கைச் சிந்தினாள். உடற்பயிற்சி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் என் கடையில் சேர்த்துக்கொண்டேன். நாலு வருடம் ஆகியும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கக் கற்கவில்லை. ஒரு வயரைக் கழற்றுவதற்கு முன் அதில் துண்டு பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதுவான். பையில் பழைய குண்டு பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருப்பான். டிரெட்மில் என்றால் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பல்பை மாட்டிப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. அதனால் கடையில் அவனுக்குப் பெயரே பல்பு. வைத்தவன் நான்தான்.

என் வழி வேறு. டிரெட்மில் நின்றுவிட்டதா, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் போர்டை மாற்று, கிளம்பு. பெரும்பாலும் ஓடிவிடும். ஓடாததைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று போனது ஒரு பிசியோதெரபி மையத்துக்கு. பக்கவாதம் வந்தவர்கள் அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்து பழகுவார்கள். முந்தின வாரம் நான் மாற்றிய போர்டு மூன்றே நாளில் கருகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மையத்தை நடத்தும் அம்மாள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அந்த மையம் போனால் என் கடையும் போனதுதான். வேறு வழியில்லாமல் பல்பையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முன்பக்க மூடியைக் கழற்றினான். பெல்ட்டை எடுத்துவிட்டு மோட்டாரின் சக்கரத்தை விரலால் சுற்றினான். மறுபடியும் சுற்றினான். பிறகு புதுப் போர்டைப் பொருத்தி, மோட்டாருக்குப் பதிலாகப் பல்பை மாட்டி, வேகத்தைக் கூட்டினான். பல்பு சீராகப் பிரகாசமானது.

“போர்டு நல்லாத்தான் இருக்கு அத்தான். மோட்டார்தான் ஒரு எடத்துல பிடிக்குது, உள்ள காயில் ஷார்ட். இதை மாட்டினா இந்தப் போர்டும் போயிடும்.”

மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும் என்றான். மத்தியானத்துக்குள் ஓடும் என்று நான் அந்த அம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். போன தடவை மோட்டார் பக்கமே திரும்பவில்லை என்று இப்போது போய்ச் சொல்ல முடியுமா? பல்புதான் நன்றாக எரிகிறதே, மோட்டாரை மாட்டு என்றேன். அவன் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், மோட்டாரைத் தொடவில்லை. அவனைத் தள்ளிவிட்டு நானே இரண்டு வயரையும் சொருகி, பெல்ட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். நடக்கும் பட்டை ஒரு முறை வெடுக்கென்று இழுத்தது. டப் என்று ஒரு சத்தம். அறை முழுக்கக் கருகல் வாடை.

வாடைக்கு அந்த அம்மாள் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், தன் முறைக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். யார் செய்த வேலை இது என்று கேட்டார் அம்மாள்.

“இவன்தான் மேடம், வயரை மாத்திக் குடுத்துட்டான்,” என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது.

எல்லா வயரிலும் எண் ஒட்டியிருந்தது, ஒன்றுகூட இடம் மாறவில்லை. குனிந்து பார்த்தால் என் பொய் அம்பலம். பல்பு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அவன் வாயைத் திறந்தால் நான் தீர்ந்தேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா மேடம், என் தப்புதான்,” என்றான். பல்பைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தான்.

படியில் இறங்கும்போது நின்றான். “அக்கா சாப்பிடுறது இந்தக் கடைய வெச்சுத்தான். அதுக்காகச் சொன்னேன், உங்களுக்காக இல்ல. நாளையிலேர்ந்து வர மாட்டேன்.” பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பிடிக்காதவன் காப்பாற்றிவிட்டுப் போவதைப் போல ஓர் அவமானம் இல்லை. நாலு நாள் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மனைவி சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தாள்.

மோட்டாரைக் கொடுத்துப் புதிதாகக் காயில் சுற்றி வாங்கினேன். மூன்று கடை ஏறி இறங்கி ஒரு குண்டு பல்பும் வாங்கினேன். மையத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மூன்றாவது போர்டில் அதை மாட்டினேன். எரிந்தது. மோட்டாரின் சக்கரத்தை விரலால் சுற்றினேன், எங்கும் பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றினேன். மாட்டினேன். ஓடியது.

ஆட்கள் வர ஆரம்பித்ததும் வாக்கர் பெரியவரை ஏற்றிவிட்டார்கள். ஆகக் குறைந்த வேகத்தில் நாலு நிமிடம் நடந்தார். அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

“அந்த ஆளைக் காணோமே, வேலையை விட்டு அனுப்பிட்டீங்க போல. நல்ல காரியம் செஞ்சீங்க,” என்றார்.

திறந்து கிடந்த இயந்திரத்துக்குள் வயர்களில் அவன் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவனுடைய குண்டு குண்டு எழுத்து.

“ஆமா மேடம்,” என்றேன்.