நாலு எண்ணும் நேரம்

எல்லாம் ஒரே பாட்டுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

தங்கையின் கல்யாணம். சர்ச்சில் முடித்துவிட்டு நாகர்கோவில் மண்டபத்துக்குள் நுழையும்போது போடுவதற்கு ஒரு எலக்ட்ரானிக் டான்ஸ் பாட்டைக் கேட்டிருந்தாள். அதற்கு ஏழு ரீமிக்ஸ் கிடைத்தன. மூன்று வாரம் ஹெட்போனும் காதுமாகக் கிடந்தேன். ஒரிஜினலில் பீட் ஏறி ஏறி, முழுத் தாளமும் சேர்ந்து விழவேண்டிய இடத்துக்கு வருவதற்குள் பந்தியே முடிந்துவிடும். ஒருவன் அதைப் பாதியாக வெட்டியிருந்தான், நல்ல காரியம். ஆனால் அடியில் அதிரும் பேஸை நாசமாக்கிவிட்டான். இன்னொருவன் பீட் விழும் இடத்தில் ஏர் ஹாரனைச் செருகியிருந்தான். கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குள் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

என் எடிட்டில் பீட் உச்சிக்கு ஏறியதும் நாலு எண்ணும் நேரம் சத்தமே கிடையாது. அது அப்பாவுக்காக. முழங்கால் வலிக்காரர், தாளமும் பிடிபடாது. சத்தம் நின்றதும் நாலு எண்ணி, ஒரு எட்டு முன்னே வைத்துத் தங்கையின் கையைப் பிடித்தால் போதும். அப்போது பீட் விழும். ஒரு வாரம் வீட்டு ஹாலில் எண்ணி எண்ணிப் பழகினார்.

மண்டபத்தில் பீட் ஏறியது. நிற்கவில்லை. ஏர் ஹாரன் அலறியது. அப்பா பாதி நீட்டிய கையோடு, உதடு மட்டும் அசைய நின்றார். தங்கை கொஞ்சம் தயங்கினாள். பிறகு மாப்பிள்ளையோடு மேடைக்குப் போய்விட்டாள்.

நான் போய் சவுண்ட்காரனின் சட்டையைப் பிடித்தேன்.

“ஏலே, நான் தந்த பாட்டு எங்கல?”

“ரெண்டும் உங்க பென்டிரைவ்லதான கெடந்துது அண்ணே? ரெண்டும் ஒரே பாட்டு. இதுல சவுண்டு தூக்கலா இருந்துது, போட்டேன்.”

உண்மைதான். அவனும் ரீமிக்ஸ் செய்கிறவன். அந்த ஏர் ஹாரன் குப்பையையும் என்னுடையதையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு என்னை மெச்சட்டும் என்று நான்தான் இரண்டையும் ஏற்றிக் கொடுத்திருந்தேன். எதைப் போடவேண்டும் என்று சொல்லவில்லை. காது இருப்பவனுக்குத் தெரியாதா என்ற திமிர். அது உறைத்த பிறகும் சட்டையை விடவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன்.

அப்பா காலைத் தாங்கித் தாங்கி வந்து என் கையை விலக்கினார்.

“அவன ஏசாண்டாம் மக்கா. அவன் பாட்ட சரியாத்தான் போட்டான். எனக்குத்தான் எண்ணிக்கை தப்பிப் போச்சு.”

தப்பியது அவர் எண்ணிக்கை அல்ல, பாட்டுதான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் கல்யாண வீடியோ ஓடினால், அந்த இடம் வருவதற்கு முன்பே அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.