எங்கள் ஊர்க் கோட்டில் நின்றவன்

ஏலத்தோட்டத்து ஆட்களைப் போடியிலிருந்து ஜீப்பில் ஏற்றி மலையில் இறக்குவது என் பிழைப்பு. சாயங்காலம் சிலமலைப் பக்கம் எங்கள் ஊர் மைதானத்தில் பயல்களுக்குக் கபடி பழக்குவது நானாக விலை கொடுத்து வாங்கிய தலைவலி. சம்பளம் கிடையாது. ஜெயித்தால் பயல்கள் கெட்டிக்காரர்கள். தோற்றால், ஜீப்பு ஓட்டுறவனுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள்.

இந்த லட்சணத்தில் ஒருநாள், முன்சீட்டில் வந்த தோட்டத்துப் பெண் அழ ஆரம்பித்தாள். அவள் மகன் காலேஜைப் பாதியில் விட்டவன். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் மண்டையை உடைத்து ஸ்டேஷன் வரை போய்வந்திருந்தான். இன்னொரு தடவை கை நீட்டினால் ஜெயில்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நான் மேல போயிட்டாப் பொழுது சாயத்தான் எறங்குறேன். அதுவரைக்கும் எங்க நிக்கிறான், என்ன செய்யிறான்னு தெரியலண்ணே. ஒங்ககூட வச்சுக்கங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

ஆட விட்டால் அடிதடி ஆகும் என்று, பொடியன்களுக்குப் பழக்கும் சோலியைக் கொடுத்தேன். அதிலும் நிம்மதி இல்லை. நேரத்துக்கு வரமாட்டான். வந்தால் சட்டம் பேசுவான். ஒரு பொடியன் கோட்டை மிதித்துவிட்டு அழுதான். போனால் போகுது, விடுடா மாப்ளே என்றேன்.

"அழுதாக் கோடு தள்ளிப் போயிருமா மாமா? மிதிச்சா அவுட்டுதான்."

அழுத பொடியன் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். எனக்காக ஒரு பயலும் அப்படி வந்ததில்லை. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

பிறகு எங்கள் ஊரில் பந்தயம் வைத்தோம். கோட்டை யார் மிதிக்கிறார்கள் என்று பார்க்க, பந்தயம் நடத்துகிற ஊர்க்காரர்கள்தான் கோட்டோரம் ஆள் நிறுத்துவார்கள். அந்த ஆளுக்குச் சொந்த ஊர்க்காரன் கால் மட்டும் கண்ணில் படாது. இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தோட்டத்துப் பெண்ணின் மகனுக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். கையில் விசிலைக் கொடுத்து நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

தேவாரத்துக்காரர்களோடு கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம். கபடி கபடி என்று கடைசிப் பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் கேப்டன், என் அண்ணன் மகன், எதிர்ப்பக்கம் போனான். ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். ஊரே எழுந்து ஆடியது. அதற்குள் விசில். தொடுவதற்கு முன்பே குதிகால் பக்கக் கோட்டில் பட்டதாம். பாவி, சுண்ணாம்புப் பொடியில் பதிந்த தடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

என் அண்ணன் மகன் நேரே வந்து அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

கோப்பை போகட்டும், இவன் திருப்பி அடித்து ஜெயிலுக்குப் போய்விடுவானே என்று ஓடினேன். கூட்டத்தில் அவன் அம்மா எழுந்து நின்றிருந்தாள். அவன் விசிலை மறுபடி வாயில் வைத்து ஊதினான். தடத்தையே காட்டினான். வேறொன்றும் செய்யவில்லை. நடுவர் குனிந்து பார்த்து அவுட் கொடுத்தார். கோப்பையை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கொட்டடித்தபடி தேவாரத்துக்காரர்கள் போனார்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏண்டா, ஒரு நிமிசம் கண்ண மூடிக்கிட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போகும்? அடி வேற வாங்கிட்டு நிக்கிற. கோவம் வரலையா?"

"வந்துச்சு மாமா. கோட்டோரம் நம்ம பொடியனுக உக்காந்திருந்தானுக. அடி விழுந்ததும் ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கல. என் கையத்தான் பாத்தானுக."

அவன் அம்மாவும் அந்தக் கையைத்தான் பார்த்தாள். நானும்தான்.