ஐந்துக்கு ஐந்து வாங்கிய கட்டடம்

சர்வே அக்காவுக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால், அடுத்த மூன்று வீட்டுக் கதையோடுதான் வெளியே வருவாள். அப்படிப்பட்டவளுக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த வேலை, கேள்வியை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி.

ஆராய்ச்சி என்னவோ பெரிய ஆராய்ச்சிதான். குடியிருப்புக்காரர்கள் ஒட்டி வாழ்கிறார்களா, யாராவது ஒதுங்கிக் கிடக்கிறார்களா, மனசில் நிம்மதி உண்டா என்று முப்பத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். ஐந்து என்றால் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். ஆறு கட்டடங்களில் எது மார்க்கில் கடைசியாக வருகிறதோ, அதற்கு லிஃப்ட் போட்டுத் தர ஒரு அறக்கட்டளை ஒப்புக்கொண்டிருந்தது. இது பேராசிரியர் அம்மாவுக்கும் சர்வே அக்காவுக்கும் மட்டுமே தெரியும். தெரிந்தால் ஜனங்கள் பொய் சொல்வார்களாம். வெளியே மூச்சு விடமாட்டேன், கேள்விக்கு விளக்கமும் கொடுக்கமாட்டேன் என்று அக்காவிடம் எழுதி வாங்கியாயிற்று.

அவள் மனசில் லிஃப்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தெருக்கோடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் தையல்காரர் வீடு. அவர் சம்சாரத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படி இறங்கி இரண்டு வருஷமாகிறது. காய்காரனோடு பேரம் பேசுவதுகூட ஜன்னலிலிருந்துதான். அந்த வீட்டுப் பதில் ஒன்றே கட்டடத்தை மார்க்கில் கீழே தள்ளிவிடும் என்று அக்கா நம்பினாள்.

"நினைத்த நேரத்தில் உங்களால் வெளியே போய்வர முடிகிறதா?" என்று தையல்காரர் சம்சாரத்திடம் வாசித்தாள்.

"அஞ்சு போட்டுக்கோங்கக்கா."

இரண்டாவது தடவை வாசிக்க அனுமதி உண்டு. நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"அதான் அஞ்சுன்னேனே. எனக்குக் கால்தான் வராது, காது நல்லாவே கேக்கும்."

முப்பத்திரண்டுக்கும் ஐந்து. மூன்றாவது மாடியிலும் அப்படியே. ஒன்றாம் வீட்டு டாக்ஸிக்காரனைப் பிடித்துக் கேட்டபோதுதான் சங்கதி வெளியே வந்தது. அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் பார்சல் கொண்டுபோகிறவர்கள். ஏறினவன் செல்போனில் ஒரு ஸ்டார் குறைத்துப் போட்டால் அன்றைய சவாரி போச்சு.

"மார்க்கு கொறஞ்சா உங்களத்தானேக்கா கேப்பாங்க? நம்மளால உங்க வேலைக்கு எதுவும் ஆயிடக்கூடாதுன்னு மாடி மாடியா பேசி வெச்சுட்டோம்," என்றான் அவன், பெருமையாக.

 

அக்கா தன் நீளமான வாயை எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியர் அம்மாவிடம் போனாள். அது கட்டடத்துக்கு விழுந்த மார்க் இல்லை, எனக்கு விழுந்தது; வேறு ஆளை அனுப்பி மறுபடி கேளுங்கள் என்று கெஞ்சினாள். அந்த அம்மா கெட்டவளில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டாள். வெள்ளிக்கிழமை அறிக்கை போயாக வேண்டும் என்றாள்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா அவங்க சொன்னதத்தான் நான் எழுத முடியும். நாம திருத்தினா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லம்மா."

லிஃப்ட் எதிர்க் கட்டடத்துக்குப் போனது. அதற்கு மொத்தமே இரண்டு மாடி. அங்கே ஆளுக்கு ஆள் பேச்சுவார்த்தை கிடையாது. மார்க் போடச் சொன்னபோது குறைகளைக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

தையல்காரர் கட்டடத்துக்கு 'மிகவும் இணக்கமான குடியிருப்பு' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. போட்டோவில் எல்லாரும் இருக்க வேண்டுமென்று, நான்கு டிரைவர்கள் தையல்காரர் சம்சாரத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். பவுடர் போட்டுக்கொண்டு, நடுவில் உட்கார்ந்து, பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கால் மணி நேரம் வெயிலில் இருந்தாள். காய்காரனைக் கூப்பிட்டு, மேலேயிருந்து வழுக்கைதான் தெரியும், உனக்கு மீசையும் உண்டா என்று கிண்டல் பண்ணினாள். பிறகு டிரைவர்களுக்குச் சவாரி நேரமாகிவிட்டது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கி வைத்தார்கள். பின்னால் ஏறிவந்த அக்காவை அவள் கிட்டே கூப்பிட்டாள்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்லம்மா. ரொம்ப நல்ல பேரு."

"அப்பாடா. அது போதும்."

மறுபடி தூக்கினார்கள். போட்டோவுக்காக மாட்டிவிட்ட புதுச் செருப்பில் ஒன்று நழுவிப் படியில் விழுந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டாள். அடிப்பக்கம் துளி மண்கூட ஒட்டவில்லை. மேலே இன்னும் ஒரு மாடி இருந்தது.