ஒற்றைத் தும்மலும் ஒரு டப்பா தயிரும்

முதல் தும்மல் வந்துவிட்டது. இரண்டாவதை வரவழைக்கச் சுகாசினி பின்னல் நுனியை மூக்கில் விட்டுத் திருகுகிறாள். முகூர்த்தப் புடவை விரித்த இடத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாது. கல்யாணப் பெண்ணின் அம்மா புடவையைத் தொட்ட கையை அப்படியே இழுத்துக்கொள்வாள். நல்லவேளை, வந்தது. "ரெட்டை ஆயிடுச்சுமா, நல்ல சகுனம். பார்டரைப் பாருங்க."

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் பல வருஷமாகப் புடவை விரிப்பவள். சம்பந்திகள் நிறத்துக்காக முறைத்துக்கொண்டால் ஒரு முந்தானையைக் காட்டியே சமாதானம் செய்துவிடுவாள். ஆனால் அவள் ஊரான முசரவாக்கத்தில் நெல் பூக்கத் தொடங்கினால் போதும், மூக்குக்கு அடைமழைதான். சூப்பர்வைசர் சீனிவாசன் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா ஒத்தையா தும்முனா மாடி ஸ்டாக் ரூம்தான்மா. நான் இன்னா பண்றது?" அங்கே புடவையோடு தூசியும் அடுக்கியிருக்கிறது. போனால் திரும்பிக் கீழே வர முடியாது.

இந்த மகரந்த ஒவ்வாமைக்கு நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா ஒரு புதுச் சேதி சொன்னார். குடலில் வாழும் நல்ல கிருமிகள் செழிப்பாக இருந்தால் இந்த மருந்து நன்றாகப் பிடிக்கலாமாம். ஆராய்ச்சிதான் நடக்கிறது, உறுதியில்லையாம். தும்மலுக்கு அவள் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரை செட்டில் ஒன்று ஆன்டிபயாடிக், அது அந்தக் கிருமிகளையும் கொன்றுவிடும், நிறுத்திவிடு என்றாராம்.

"மூக்கு ஒழுவுதுன்னு போனா வயித்தப் பத்திப் பேசுது அந்தம்மா" என்று சிரிக்கிறாள். ஆனாலும், சளி பிடிக்குமென்று வருஷக்கணக்கில் ஒதுக்கிய தயிரை இப்போது தினமும் கொண்டுவருகிறாள்.

"தும்மிக்கினே தயிரா?" பக்கத்து கவுண்ட்டர் ஏஞ்சல் தலையில் அடித்துக்கொள்வாள்.

"மாடு கண்ணுதான் இல்ல. கிருமியாவது வளக்கலாம், வுடு."

நேற்று பின்னல் கைகொடுக்கவில்லை. அரக்குச் சிவப்புப் புடவையின் மேல் ஒரே ஒரு தும்மல். எவ்வளவு திருகியும் அடுத்தது வரவில்லை. கல்யாண வீட்டார் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். சீனிவாசன் திட்டவில்லை. ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"சாப்பிட்டதும் ஓரிக்கையிலேர்ந்து கல்யாணப் பார்ட்டி வருது. செட்டு வாங்கியாந்துட்டேன். போட்டுக்கினு வா. இல்லாட்டி மேல போயிடு."

"டாக்டரம்மா வேணாம்னாங்க சார்."

"அவங்களா வந்து புடவை விக்கப் போறாங்க?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். ஆராய்ச்சி நிதானமாக முடியட்டும். ஓரிக்கை பார்ட்டி காத்திருக்குமா?

சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். மாத்திரைகளைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். பிறகு சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, தயிர் டப்பாவைத் திறந்து, வயிற்றில் சாகப்போகிற கிருமிகளுக்கு ஈடு கட்டுகிறவளாக அடிவரை வழித்து வழித்துத் தின்றாள்.