பதினைந்து ட்ரே

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளைகள் மார்க் குறைவாக வாங்கினால் எனக்குக் கோபம் வரும். அதிகமாக வாங்கினால் சந்தேகம் வரும். கோபம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். சந்தேகம் அப்படியல்ல, வீட்டுக்கு வந்து குக்கர் வைக்கும்போதும் கூடவே நிற்கும். "நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டியவ, வழி தவறி கணக்கு டீச்சராயிட்டே" என்பார் என் கணவர். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். முட்டை வாசமே படாத வீடு எங்களுடையது. கல்யாணத்துக்குப் பிறகு நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு, எருமப்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். வழியெல்லாம் பிளக்ஸ் போர்டுகளில் முதல் மதிப்பெண் முகங்கள் சிரிக்கும். அந்த முகங்களையும் நான் நம்பியதில்லை. ஒரே பெண் மூன்று பள்ளிகளின் பிளக்ஸில் சிரித்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு திறனறித் தேர்வு உண்டு. தேறினால் பிளஸ் டூ முடிக்கும்வரை உதவித்தொகை வரும். அந்தத் தொகை வந்தால் ஒரு பெண்ணை மேலே படிக்க அனுப்புவார்கள். வராவிட்டால் மில்லுக்கு அனுப்புவதா, கோழிப்பண்ணைக்கா என்ற பேச்சு தொடங்கிவிடும். தேர்வுக்காக நாமக்கல்லில் சனிக்கிழமைதோறும் சிறப்புப் பயிற்சி நடந்தது. பள்ளிக்கு இரண்டு பேருக்குத்தான் இடம். அங்கே போய் உட்கார்ந்தவர்கள்தான் பெரும்பாலும் தேறினார்கள். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை ஒருவரும் தேறியதில்லை.

அந்த இரண்டு பேரைப் பொறுக்க நான் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். பள்ளியில் என் பீரோவில் இருந்த கையேட்டிலிருந்து தொண்ணூறு கேள்விகளை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். திருத்தும்போது முதலிடத்தில் வந்தது, கோழிப்பண்ணையிலேயே குடியிருக்கும் ஒரு கூலிக்காரரின் மகள். எண்பத்தொன்று! வகுப்பில் வாயே திறக்காத பெண். ரஃப் தாளைப் புரட்டினால் ஒரு கோடுகூட இல்லை. என் சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்குத் தீனி போல ஒரு கேள்வி கிடைத்தது. 'ஒரு ட்ரேயில் 25 முட்டைகள் வீதம் 450 முட்டைகளை அடுக்க எத்தனை ட்ரே வேண்டும்?' பதினெட்டு. ஆனால் கையேட்டின் பின்பக்க விடைப்பட்டியலில் பதினைந்து என்று தப்பாக அச்சாகியிருந்தது. முந்தின வருஷமே அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தேன். இந்தப் பெண்ணும் பதினைந்துக்கான வட்டத்தைத்தான் நிரப்பியிருந்தாள். தப்பான விடைகூட ஒத்துப்போகிறது என்றால் பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? கடைசி பெஞ்சு பையன் ஒருவனும் பதினைந்து போட்டிருந்தான். அவன் வாங்கியது மொத்தமே பதினொன்று. அதனால் அவன் குருட்டாம்போக்கில் போட்டிருப்பான் என்று விட்டுவிட்டேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன்.

"விடையப் பாத்துத்தானே போட்டே?"

"இல்லீங்க டீச்சர்."

"கணக்கு எங்க போட்டே? தாள் வெள்ளையா இருக்கு."

"மனசுலயே போட்டனுங்க."

"நானூத்தம்பதை இருவத்தஞ்சால வகுத்தா பதினஞ்சா?"

அவள் கண்ணிமைக்கும் நேரம்கூட எடுக்கவில்லை. "பதினெட்டுங்க டீச்சர்."

எனக்கு அங்கேயே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் சொல்கிறாள் என்றால் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "ட்ரேன்னாங்களே டீச்சர், அதனாலதானுங்க..." என்று ஏதோ தொடங்கினாள். "சாக்கு சொல்லாதே, வகுப்புக்குப் போ" என்று வாயை அடைத்தேன். அடுத்த இரண்டு பேரின் பெயரை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன்.

"ஏனுங்க டீச்சர், அந்தப் பண்ணைப் புள்ள சூட்டிகைன்னு சொல்லுவாங்களே?" என்றார் அவர்.

"எனக்கு நம்பிக்கை இல்லைங்க சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பத்து நாள் இருக்கும். தலைமையாசிரியர் லீவு. சத்துணவுக்கு வந்த முட்டையைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. சத்துணவு அமைப்பாளரம்மா நாலு ட்ரேயைக் காட்டி, "நூத்தி இருவதுங்க, கையெழுத்துப் போடுங்க" என்றார். நான் விடுவேனா? ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

"ட்ரேயைப் போயி யாராச்சு எண்ணுவாங்களாங்க? ட்ரேன்னா முப்பது. இந்தப் பக்கம் பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்களே!"

நான் ஐந்தாவது முட்டையில் நின்றுவிட்டேன். நானூற்றைம்பதை முப்பதால் வகுத்தால் பதினைந்து.

ஓடிப்போய்க் கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். நாமக்கல்லிலேயே அச்சடித்தது, தொகுத்தவரும் உள்ளூர் ஆசிரியர். கேள்வியில் இருபத்தைந்து என்று தானே எழுதிவிட்டு, விடை போடும்போது கை தன்னால் முப்பதுக்குப் போயிருக்கிறது. தினமும் விடியலில் பண்ணையில் முட்டை பொறுக்கி அடுக்கிவிட்டுப் பள்ளிக்கு வரும் பெண்ணுக்கும் அதேதான் நடந்திருக்கிறது. ட்ரே என்ற சொல்லைக் கண்டதுமே அவர்கள் இருவருக்கும் எண் தெரிந்துவிட்டது. எங்கள் மூவரில், கேள்வியில் இருந்த இருபத்தைந்தைக் கூர்ந்து படித்தது நான் ஒருத்திதான்.

அன்று மதியம் அவளைக் கூப்பிட்டு, "தப்பு என்மேலதான் சாமி" என்றேன். பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிட ஊர்க்காரர்கள் சொல்கிற அந்த 'சாமி' என் வாயில் அதற்கு முன் வந்ததே இல்லை. "பரவால்லீங்க டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் லீவு முடிந்து வந்த தலைமையாசிரியர், நான் நடந்ததைச் சொன்னதும் பயிற்சி மையத்துக்குப் போன் போட்டார். இன்னொரு தேர்வு வைத்து விடைத்தாளை அனுப்பினால் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து, எந்தக் கையேட்டிலும் இல்லாத தொண்ணூறு கேள்விகளை என் கையாலேயே எழுதினேன். அவளைத் தனியாக உட்காரவைத்து எழுதச் சொன்னேன். எதற்காக எழுதுகிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் செய்யக் கூடாதென்று எனக்கு ஒரு நினைப்பு.

நாற்பத்தாறு வாங்கினாள்.

சொல்லவே கூசுகிறது. அந்த நாற்பத்தாறைப் பார்த்ததும் எனக்குள் முதலில் எழுந்தது பழைய சந்தேகம்தான். அப்படியானால் போன தடவை பார்த்துத்தான் எழுதினாளோ? விடைத்தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பேனாவால் நிரப்புவதற்கு முன் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வது எங்கள் பிள்ளைகளின் வழக்கம். புள்ளிகளை ரப்பரால் அழித்திருந்தாள். ஆனாலும் தடம் தெரிந்தது. கேள்வி கேள்வியாகப் புள்ளி சரியான விடையில் இருந்தது. பேனா மட்டும் நாற்பது இடங்களில் பக்கத்து வட்டத்துக்குப் போயிருந்தது. எண்ணினேன். எண்பத்தாறு புள்ளிகள் சரி.

"ஏன்டா இப்படிப் பண்ணுனே?" என்று கேட்டேன். விடைத்தாளை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.

"நெறையச் சரியா வந்தா மறுபடியும் கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு பயமா இருந்துச்சுங்க டீச்சர். அதான் பாதிய மாத்திட்டனுங்க."

புது விடைத்தாள் ஒன்றை அவள் முன் வைத்தேன். இந்தத் தேர்வு எதற்கு என்பதை இப்போதுதான் சொன்னேன். நான் வெளியே போய்விடுகிறேன், மனசுக்குப் பட்டதை மட்டும் நிரப்பு, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன். அவள் பேனாவைத் தொடவில்லை. நான் சொல்வது நிஜமா, இதிலும் ஏதாவது பொறி இருக்கிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை நான் பார்த்துவந்த பார்வைதான் அது.